அணைக்கட்டில் மீனுக்கு வழி எங்கே? 150 ஆண்டுகளுக்கு முன் விடை தேடிய டாக்டர் பிரான்சிஸ் டே யார்?

தீபாவளிச் சரக்கெல்லாம் லாரி ஏறிப் போன பிறகு சிவகாசி கொஞ்சம் மூச்சு விடும். ஏறக்குறைய அதே நேரத்தில்தான் வடகிழக்குப் பருவமழை வலுக்கும். வருஷம் பூரா மணலும் சீமைக்கருவேலமுமாகக் கிடக்கும் அர்ச்சுனா நதியில் சில நாள்கள் தண்ணீர் ஓடும். கண்மாய்கள் மறுகால் பாயும். அப்போது கரையில் நிற்பவர்கள் ஒரு காட்சியைப் பார்த்திருப்பார்கள். தண்ணீர் கீழே பாய, மீன்கள் அதை எதிர்த்து மேலே ஏறும். புதுத் தண்ணியில் மீன் ஏறுதுன்னு தெரிஞ்சா போதும், கொசுவலையைக்கூட எடுத்துக்கிட்டு ஊரே இறங்கிடும்.

அந்த மீன்கள் ஏன் ஏறுகின்றன? முட்டையிட. குஞ்சுகளுக்கு ஆழம் குறைந்த, புல் முளைத்த, பெரிய மீன்கள் அதிகம் வராத இடம் வேண்டும். சரி, போகிற வழியில் ஒரு சுவர் நின்றால்?

தென்னிந்திய அணைக்கட்டுகளில் இந்தக் கேள்விக்கு விடை தேடி ஆறு ஆறாக அலைந்தவர் ஒரு ராணுவ டாக்டர். மீனியல் படிப்பவர்களுக்கு அவர் பெயர் பாடப்புத்தகம் மாதிரி. மற்றவர்களுக்கு அவ்வளவாகத் தெரியாது. பெயர் பிரான்சிஸ் டே.

டாக்டருக்கு மீன் மேல் ஆசை வந்தது எப்படி?

1829-இல் இங்கிலாந்தின் சசெக்ஸ் பகுதியில் மேர்ஸ்ஃபீல்ட் என்ற ஊரில் பிறந்தார் டே. லண்டனில் மருத்துவம் படித்தார். 1852-இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னை ராணுவத்தில் மருத்துவராகச் சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது 23. அந்தக் காலத்தில் கம்பெனி டாக்டர்களுக்கு வைத்தியம் மட்டும் வேலை இல்லை. செடி சேகரிப்பது, பறவை வரைவது, பாம்பைப் பாட்டிலில் போட்டு அனுப்புவது என்று பலர் பக்கத்தில் ஒரு இயற்கை ஆராய்ச்சியும் வைத்திருந்தார்கள். டேவுக்கு வாய்த்தது மீன்.

திருப்புமுனை கொச்சி. அங்கே பணியில் இருந்தபோது, மீன்சந்தையே அவருக்கு ஆய்வுக்கூடம் ஆனது. கொச்சியின் வரலாறு பற்றி 1863-இல் ஒரு புத்தகம் எழுதினார். 1865-இல் மலபார் மீன்கள் பற்றிய நூலை வெளியிட்டார். இன்று மீன்தொட்டிக் கடைகளில் ‘மிஸ் கேரளா’ என்று விற்கும் சிவப்புக் கோடு போட்ட அழகான மீனை அறிவியலுக்கு அறிமுகம் செய்தவரும் இவர்தான். அன்றைய சென்னை மாகாண ஆளுநர் டெனிசன் பெயரை அதற்கு வைத்தார். காட்டு ஓடைகளில் வாழும் அந்த மீன் இன்று அழியும் ஆபத்தில் உள்ள இனங்களின் பட்டியலில் இருக்கிறது.

ஊட்டியில் நடந்த தோல்வி

1860-களில் டேவுக்கு இன்னொரு ஆசையும் இருந்தது. இங்கிலாந்தின் டிரவுட் மீனை நீலகிரி ஓடைகளுக்குக் கொண்டுவர வேண்டும். டிரவுட் என்பது சால்மனின் நெருங்கிய சொந்தம். இரண்டுக்குமே குளிர்ந்த, தெளிந்த, ஆக்சிஜன் நிறைந்த தண்ணீர் வேண்டும். முட்டையிடக் கூழாங்கல் படுகை வேண்டும். கரையில் மரநிழல் வேண்டும்.

முட்டைகளைக் கப்பலில் ஏற்றி, ஐஸில் வைத்து, வெப்பமண்டலக் கடலைத் தாண்டி, மாட்டுவண்டியில் மலை ஏற்றணும். நினைச்சாலே தலை சுத்தும். டேவின் முயற்சிகள் பலிக்கவில்லை. பல ஆண்டுகள் கழித்து, 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எச்.சி. வில்சன் என்ற அதிகாரி அவலாஞ்சியில் பண்ணை அமைத்து, வானவில் டிரவுட்டை நீலகிரியில் நிலைக்க வைத்தார்.

இதில் சுவாரஸ்யமான ஒரு விஷயம் உண்டு. அமெரிக்காவின் பசிபிக் கரையில் ஸ்டீல்ஹெட் என்று கொண்டாடப்படும் மீனும் நீலகிரியின் வானவில் டிரவுட்டும் ஒரே இனம். ஆற்றிலேயே தங்கிவிட்டால் அது வானவில் டிரவுட். கடலுக்குப் போய் வளர்ந்து, முட்டையிட ஆறு திரும்பினால் ஸ்டீல்ஹெட்.

அணை கட்டியவரே எழுப்பிய கேள்வி

டேவின் வாழ்க்கையில் முக்கியமான அத்தியாயம் கொள்ளிடத்தில் தொடங்குகிறது.

1836-இல் ஆர்தர் காட்டன், கொள்ளிடத்தின் குறுக்கே அணைக்கரையில் கீழணையைக் கட்டினார். முக்கொம்பில் மேலணையும் அதே காலத்து வேலைதான். பிறகு ஆந்திராவில் கோதாவரிக்குக் குறுக்கே தவுளேஸ்வரம் அணைக்கட்டு. தஞ்சைக்கும் கோதாவரி டெல்டாவுக்கும் இவை சோறு போட்டன. கோதாவரிக் கரையில் இன்றும் காட்டனுக்குச் சிலைகள் உண்டு.

ஆனால் 1867-இல், ஓய்வுபெற்ற பின், அதே காட்டன் லண்டனில் இந்திய அமைச்சரின் கவனத்துக்கு ஒரு விஷயத்தைக் கொண்டுசென்றார். சென்னை மாகாண ஆறுகளின் குறுக்கே கட்டிய தடுப்புகள், முட்டையிட மேலே போகும் மீன்களை மறித்துக் கடலோர மீன்வளத்தையே பாதிக்கின்றனவோ என்பது அவர் சந்தேகம். அணை கட்டியவரே இப்படிக் கேட்டால் அரசு எப்படித் தட்டிக்கழிக்கும்? விசாரிக்கும் பொறுப்பு டேவிடம் வந்தது.

உல்லம் மீனின் கதை

டே கவனித்த மீன்களில் முக்கியமானது ஹில்சா. தமிழில் உல்லம். வங்காளிகளுக்கு இலிஷ், தெலுங்கர்களுக்கு புலசை. கடலில் வளர்ந்து, ஆற்றில் புதுவெள்ளம் வரும்போது கூட்டம் கூட்டமாக நன்னீருக்குள் நுழைந்து முட்டையிடும். வாழ்க்கை முறையில் அசல் சால்மன் மாதிரி. ஆனால் அது சால்மன் குடும்பம் இல்லை, மத்தி வகையறா.

காவிரியில் வெள்ளம் வரும் காலத்தில் உல்லம் கொள்ளிடத்தில் ஏறும். கீழணை வரை வரும். அங்கே சுவர். மேலே போக வழி இல்லாமல், அணைக்குக் கீழேயே குவிந்து கிடக்கும். வலை போடுகிறவர்களுக்கு அதைவிட வசதி என்ன வேண்டும்? முட்டையோடு இருக்கும் மீன்கள் அங்கேயே அள்ளப்பட்டன. ஆக, தடுப்பணை இரண்டு வகையில் மீனைக் கொன்றது. மேலே போகும் வழியை அடைத்தது. கீழே நிற்கும் மீனை மொத்தமாகப் பிடித்துக் கொடுத்தது.

டே முன்வைத்த தீர்வுகள் இன்று கேட்டாலும் புதுசாக இல்லை. அணைக்கட்டுகளில் மீன் ஏறிப்போக வழி விட வேண்டும். அணையை ஒட்டி மீன் பிடிக்கக் கட்டுப்பாடு வேண்டும். வலையின் கண்ணி அளவுக்குக் குறைந்தபட்ச வரம்பு வேண்டும். ஓடையையும் வாய்க்காலையும் அடைத்து நிரந்தரமாக வைக்கும் கூடு, பத்தை போன்ற பொறிகளைத் தடுக்க வேண்டும்.

தாசில்தார்களுக்குப் போன கேள்விப்பட்டியல்

விசாரணை சென்னை மாகாணத்தோடு நிற்கவில்லை. ஒரிசா, வங்காளம், பர்மா என்று நீண்டது. 1870-களில் டே இந்தியாவின் மீன்வளத் தலைமை ஆய்வாளர் ஆனார். மாவட்ட அதிகாரிகளுக்கும் தாசில்தார்களுக்கும் கேள்விகள் போயின. உங்கள் பகுதியில் வலையின் மிகச்சிறிய கண்ணி எவ்வளவு? வயல்களில் மீன்குஞ்சுகளைப் பிடிக்கிறார்களா? முன்பைவிட மீன் குறைந்திருக்கிறதா? சந்தைக்குத் தேவையான மீன் கிடைக்கிறதா?

இன்றைய விருதுநகர் மாவட்டம் அப்போது கிடையாது. இதன் பகுதிகள் திருநெல்வேலி, மதுரை மாவட்டங்களில் சிதறிக் கிடந்தன. தாலுகா அலுவலகங்களிலிருந்து வந்த பதில்களையும் தன் நேரடி ஆய்வையும் சேர்த்து 1873-இல் நன்னீர் மீன்வளம் பற்றி ஓர் அறிக்கையும், கடல் மீன்வளம் பற்றி இன்னோர் அறிக்கையும் வெளியிட்டார். இந்திய மீன்வளத்தை இவ்வளவு விரிவாக ஆராய்ந்த முதல் அரசு ஆவணங்கள் என்று இவற்றைச் சொல்லலாம்.

டே எங்கே சறுக்கினார்?

அறிக்கையில் ஒரு சாய்வும் இருந்தது. மன்னர்கள், ஜமீன்கள் காலத்தில் குத்தகையாலும் வழக்கத்தாலும் கட்டுப்பட்டிருந்த மீன்பிடிப்பு, பிரிட்டிஷ் ஆட்சியில் யார் வேண்டுமானாலும் பிடிக்கலாம் என்று திறந்துவிடப்பட்டதால்தான் அழிவு வந்தது என்பது அவர் வாதம். அதில் உண்மை உண்டு. ஆனால் அதன் விளைவாகப் பழியின் பெரும்பங்கு சின்னக் கண்ணி வலை போட்ட ஏழை மீது விழுந்தது. நெல்வயலில் கூடு வைத்து அயிரையும் கெண்டையும் பிடித்தவருக்கு அது அன்றைய குழம்பு. ஆற்றையே மறித்த சுவர் அரசாங்கத்துடையது.

அதிகாரிகள் பலர் சட்டம் வேண்டாம் என்றார்கள். ஏழைகளின் பிழைப்பு கெடும், கீழ்நிலை ஊழியர்கள் சட்டத்தைக் காட்டி மக்களைத் தொல்லை செய்வார்கள் என்பது அவர்கள் பயம். அதுவும் நியாயமான பயம்தான். நடந்தது என்ன? இரண்டு பக்கமும் வாதாடிக்கொண்டே இருந்ததில், டே கேட்ட அளவுக்குச் சட்டம் வரவே இல்லை. அவர் 1877-இல் ஓய்வு பெற்று இங்கிலாந்தின் செல்டென்ஹாம் நகரில் குடியேறினார்.

ஒரு புத்தகம், ஒரு பகை

ஓய்வு காலத்தில்தான் அவருடைய பெரிய படைப்பு முழுமை பெற்றது. 1875 முதல் 1878 வரை பகுதி பகுதியாக வெளிவந்த ‘இந்திய மீன்கள்’ நூல் இன்றும் ஆராய்ச்சியாளர்களின் மேசையில் இருக்கிறது. பின்னர் 1889-இல் பிரிட்டிஷ் இந்தியாவின் விலங்குகள் வரிசையில் மீன்களுக்கான இரண்டு தொகுதிகளை எழுதினார். அதில் 1,400-க்கும் மேற்பட்ட இனங்களின் விவரம் இருக்கிறது.

இவ்வளவு உழைத்துச் சேர்த்த மீன் பாட்டில்கள் லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்குத்தானே போயிருக்கணும்? அங்கேதான் கதையில் வில்லங்கம். அந்த அருங்காட்சியகத்தின் மீனியல் மேதை ஆல்பர்ட் குந்தருக்கும் டேவுக்கும் ஆகாது. ஒருவர் வகைப்படுத்தியதை இன்னொருவர் மறுப்பது வழக்கமானது. கடைசியில் 1883-இல் டே தன் சேகரிப்பின் பெரும்பகுதியைச் சிட்னியில் உள்ள ஆஸ்திரேலிய அருங்காட்சியகத்துக்கு விற்றுவிட்டார். இந்திய ஆறுகளின் மீன்கள் இன்றும் அங்கே கண்ணாடிக் குடுவைகளில் இருக்கின்றன.

இங்கிலாந்தில் டே சால்மன் பக்கம் திரும்பினார். ஸ்காட்லாந்தின் ஹோவிடவுன் மீன்பண்ணையில் சால்மன், டிரவுட் இனப்பெருக்கச் சோதனைகளைக் கவனித்து, 1887-இல் பிரிட்டன், அயர்லாந்தின் சால்மன் குடும்ப மீன்கள் பற்றித் தனி நூல் எழுதினார். இங்கேயும் குந்தரோடு மோதல். டிரவுட்டில் பல இனங்கள் உண்டு என்றார் குந்தர். கடலுக்குப் போகும் டிரவுட், ஓடையில் தங்கும் டிரவுட், ஏரி டிரவுட் எல்லாம் ஒரே இனம்தான், வாழும் இடத்துக்கேற்ப உருவம் மாறுகிறது என்றார் டே. இன்றைய அறிவியல் டே பக்கம் நிற்கிறது. ஸ்டீல்ஹெட்டும் வானவில் டிரவுட்டும் ஒன்றுதான் என்பதும் இதே பாடம். மீன் எப்படி வாழும் என்பதில் ஆற்றுக்கும் பங்கு உண்டு. கடலுக்கான வழி திறந்திருக்கிறதா என்பதும் அதில் அடக்கம்.

1889 ஜூலை 10 அன்று, 60-வது வயதில், செல்டென்ஹாமில் டே இறந்தார்.

அவருக்குப் பிறகு என்ன நடந்தது?

எட்டு ஆண்டுகள் கழித்து, 1897-இல் இந்திய மீன்வளச் சட்டம் வந்தது. நிரந்தரப் பொறிகளையும் கண்ணி அளவையும் கட்டுப்படுத்த விதிகள் செய்யும் அதிகாரத்தை அது அரசுக்குத் தந்தது. தண்ணீரில் விஷம் கலந்தும் வெடி வைத்தும் மீன் பிடிப்பதைக் குற்றமாக்கியது. வெடிமருந்துச் சட்டம் என்றால் சிவகாசியில் எல்லோருக்கும் 1884-ஆம் ஆண்டுச் சட்டம்தான் நினைவுக்கு வரும். ஆற்றில் வெடி போடுவதற்கு எதிராகவும் 125 ஆண்டுகளைத் தாண்டிய ஒரு சட்டம் இருக்கிறது.

கீழணையில் பிற்காலத்தில் மீன்வழியும் அமைக்கப்பட்டது. ஆனால் உல்லம் அதில் ஏறவில்லை. காரணம் எளிது. மீன் ஏணி என்பது ஐரோப்பியச் சால்மனை மனதில் வைத்து உருவான யோசனை. சால்மன் துள்ளித் தாவும். உல்லம் தாவாது, கூட்டமாக, சீரான நீரோட்டத்தில் நீந்தும். 1909 வாக்கில் கொள்ளிடத்தில் உல்லம் முட்டைகளைச் செயற்கையாகப் பொரிக்க வைக்கும் முயற்சியும் நடந்தது. 1934-இல் மேட்டூர் அணை வந்தபின் காவிரியின் வெள்ளப்போக்கே மாறியது. காவிரி உல்லம் மேலும் குறைந்துபோனது.

வடக்கேயும் இதே கதைதான். ஒரு காலத்தில் கங்கையில் அலகாபாத்தையும் தாண்டிப் போன ஹில்சா, 1975-இல் பராக்கா தடுப்பணை வந்த பிறகு மேல்பகுதியில் அரிதாகிவிட்டது.

உலகம் இப்போது என்ன செய்கிறது?

டே காலத்தில் தீர்வு என்றால் ஏணியும் சட்டமும். இப்போது அது மட்டும் போதாது என்று புரிந்திருக்கிறது. அமெரிக்காவின் பசிபிக் கரையில் சால்மனையும் ஸ்டீல்ஹெட்டையும் மீட்க, ஓடையையே பழைய நிலைக்குக் கொண்டுவருகிறார்கள். கரையில் நிழல் தரும் மரங்களை நடுகிறார்கள், தண்ணீர் சூடாகாமல் இருக்க. ஓடையில் மரக்கட்டைகளைப் போடுகிறார்கள், குஞ்சுகள் ஒளிந்துகொள்ள. சாலைக்கு அடியில் உள்ள குறுகலான குழாய்களை அகலமான பாலங்களாக மாற்றுகிறார்கள். எல்வா ஆற்றில் 2011 முதல் 2014 வரை இரண்டு அணைகளை இடித்தார்கள். கிளாமத் ஆற்றில் நான்கு அணைகளை அகற்றும் வேலை 2024-இல் முடிந்தது. சில வாரங்களிலேயே, அணைகள் இருந்த இடத்தைத் தாண்டிச் சால்மன் மேலே வந்தது.

விருதுநகருக்கு இதில் என்ன வேலை?

இங்கே சால்மன் இல்லை. அணைகளை இடிக்கச் சொல்வதும் நடக்காத காரியம். மழை குறைந்த இந்த மண்ணில் ஒவ்வொரு சொட்டும் முக்கியம். ஆனால் வைப்பாற்று வடிநிலத்தின் வரைபடத்தைப் பார்த்தால் டேவின் கேள்வி அப்படியே நிற்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலையில் பிறந்து மன்னார் வளைகுடாவில் சேரும் வைப்பாற்றில் வெம்பக்கோட்டை அணை. அர்ச்சுனா நதியில் ஆனைக்குட்டம், கோல்வார்பட்டி அணைகள். இரண்டும் சேரும் இடத்தில் இருக்கன்குடி அணை. கௌசிகா நதியில் குல்லூர்சந்தை. இவை தவிர ஓடைக்கு ஓடை தடுப்பணைகள். கௌசிகாவில் நகரத்தின் கழிவுநீர் வேறு கலக்கிறது.

கண்மாய்க்காரர்களுக்கு நன்றாகத் தெரிந்த விலாங்கை எடுத்துக்கொள்வோம். அது சால்மனுக்கு நேர் எதிர். கடலில் பிறந்து, குஞ்சாக ஆறு ஏறி, நன்னீரில் வளர்ந்து, முட்டையிட மீண்டும் கடலுக்குப் போகும். ஏறுவதற்கும் இறங்குவதற்கும் வழி வேண்டும். கெண்டைக்கும் கெளுத்திக்கும் கடல் தேவையில்லை. ஆனால் புதுவெள்ளத்தில் ஒரு கண்மாயிலிருந்து இன்னொன்றுக்கு ஏற அவற்றுக்கும் பாதை வேண்டும்.

செலவு குறைந்த வழிகள் இருக்கின்றன. தடுப்பணையின் செங்குத்தான சுவருக்குக் கீழே, ஒரு ஓரமாகக் கற்களை அடுக்கிச் சாய்தளம் அமைத்தால் சின்ன மீன்களும் நீந்தி ஏறும். நம் மீன்கள் தாவுமா, நீந்துமா என்று பார்த்து வடிவமைக்க வேண்டும். கொள்ளிடத்தில் செய்த தவறை மறுபடி செய்யக்கூடாது. சீமைக்கருவேலத்தை எடுத்த கரையை மொட்டையாக விடாமல் நாணலும் மருதும் வளர விடலாம். புதுவெள்ளம் வரும் முதல் சில நாள்கள் மறுகாலில் வலை போடாமல் இருக்க ஊரே கூடி முடிவெடுக்கலாம். அந்த நாள்களில் பிழைப்பை இழப்பவருக்குக் கண்மாய்க் குத்தகையில் ஒரு பங்கு கொடுப்பதையும் சேர்த்தே முடிவெடுக்க வேண்டும். டேவின் அறிக்கை சறுக்கியது இந்த இடத்தில்தான்.

கொள்ளிடத்தில் 1836-இல் எழுந்த சுவரைப் பற்றி 1867-இல் கேள்வி வந்தது. முதல் சட்டம் 1897-இல். இடைப்பட்ட 61 ஆண்டுகளும் ஒவ்வொரு வெள்ளத்துக்கும் உல்லம் கீழணை வரை வந்து நின்றது. அடுத்த ஐப்பசி மழையில் ஆனைக்குட்டம் மதகுக்குக் கீழே மீன்கள் முட்டி நிற்கும்போது, அதைப் பார்த்துக்கொண்டு நிற்பவர்களுக்கு இந்தக் கணக்கு நினைவுக்கு வந்தால் நல்லது.